நாயையும் கூட்டிக்கொண்டு போகலாமா?



வெளிநாட்டில் இருக்கும் கணவரிடமோ பிள்ளைகளிடமோ போகப்போகும் பெண்கள் விசா, கடவுச்சீட்டு, ஆங்கில வகுப்பு என்று எத்தனையோ கேள்விகள் கேட்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் எழும்பிப் போகும் நேரத்தில், வாசலில் நின்றபடி மெதுவாகக் கேட்பார்கள். வீட்டு நாயை என்ன செய்வது?

கேட்க ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். "மனிசருக்கே வழியில்லை, நாய்க்கும் விசாவோ?" என்று உறவினர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. மீள்குடியேறிய புதிதில், கதவில்லாத தறப்பாள் கொட்டில்களில் பிள்ளைகளோடு தனியே படுத்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். இரவில் படலையடியில் ஆள் அரவம் கேட்டால் முதலில் எழும்பியது நாய்தான். ஆண் துணையற்ற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காவல் என்பதை வாழ்ந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் நான் போய்வரும் வீடொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் பல வருடங்களாக லண்டனில். இப்போது இவரையும் மகளையும் எடுப்பதற்கான அலுவல்கள் நடக்கின்றன. வீட்டில் ஏழு வயதுக் கறுப்பு நாய் ஒன்றும் உண்டு. மீள்குடியேறிய காலத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த பெட்டை நாயின் கடைசிக் குட்டி அது. போன மாதம் அக்கா கேட்டார்: "தங்கச்சி, அங்க கொண்டுபோனா நாயைப் பிடிச்சு மாசக்கணக்கா அடைச்சு வைப்பினமாமே. அதுவும் முள்ளுக்கம்பிக்குள்ளயோ?"

அவர் 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் இருந்தவர். அடைத்து வைப்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே விடயத்தை முதலிலிருந்தே பார்ப்போம். இதற்கெல்லாம் காரணம் விசர்நாய்க்கடி நோய். எமது நாட்டில் அந்த நோய் இன்னும் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் பரப்புவது நாய்தான். பிரித்தானியாவோ 1922 இல் அதை ஒழித்துவிட்டது. மீண்டும் உள்ளே வரவிடக்கூடாது என்பதற்காக, வெளியிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நோயுள்ள நாய் கடித்தாலும் அறிகுறி தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகலாம் என்பதே அந்த நீண்ட காலத்துக்குக் காரணம். உறவினர்கள் சொல்லும் ஆறு மாதக் கதை இதுதான். இலங்கை போன்ற நாடுகளிலிருந்து போகும் நாய்களுக்கு அந்தச் சட்டம் 2012 ஜனவரியில் மாறிவிட்டது. கதை மட்டும் இன்னும் மாறவில்லை.

இப்போதும் காத்திருப்பு உண்டு. ஆனால் அதை நாய் உங்கள் முற்றத்து மாமரத்தடியிலேயே கழிக்கலாம். அதற்கு ஒழுங்கு பிசகாமல் சில வேலைகளைச் செய்ய வேண்டும்.

முதலில் நாயின் தோலுக்கடியில் அடையாள இலக்கம் கொண்ட மைக்ரோசிப் வைக்க வேண்டும். அரிசி மணியளவுதான். அதன் பிறகே விசர்நாய் தடுப்பூசி. "எங்கட நாய்க்கு வருசா வருசம் ஊசி போட்ட அட்டை இருக்கு" என்று சொல்வீர்கள். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழியும்வரை நாய் அங்கு போக முடியாது. கூட்டிப் பார்த்தால் நான்கு மாதத்துக்கு மேல். இடையில் அடுத்த ஊசியின் திகதி தவறினால் இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். கடைசியாக, அங்கே இறங்குவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, அதைக் கால்நடை வைத்தியர் பதிந்திருக்க வேண்டும். சுகாதாரச் சான்றிதழ் பெற்ற 10 நாட்களுக்குள் நாய் அங்கே போய்ச் சேர வேண்டும். நீங்களும் நாயும் பயணிக்கும் நாட்களுக்கிடையில் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

இவற்றில் ஒன்று பிழைத்தால்தான் அடைத்து வைப்பது. நான்கு மாதம் வரையும் வைக்கலாம். செலவு உங்களுடையது.

அதனால்தான் சொல்கிறேன், விசா விண்ணப்பம் நிரப்பும் அதே கிழமையில் நாய்க்கு சிப் வையுங்கள். விசா கிடைத்த பிறகு, நாய்க்காக நான்கு மாதம் பொறுத்திருக்க வீட்டில் ஒருவரும் விடமாட்டார்கள்.

கனடா போகிறவர்களுக்கு அலுவல் இலகு. சொந்த நாயை உரிமையாளர் தன்னோடு கொண்டுபோனால், தடுப்பூசிச் சான்றிதழ் சரியாக இருக்கும் பட்சத்தில் தனிமைப்படுத்தல் இல்லை. ஆனால் விற்பதற்கோ பிறருக்கு வளர்க்கக் கொடுப்பதற்கோ இலங்கை போன்ற நாடுகளிலிருந்து நாய் கொண்டுபோவதை 2022 செப்டெம்பர் 28 முதல் தடை செய்திருக்கிறார்கள். வேறொருவர் பெயரில் அனுப்பிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவுஸ்திரேலியா மிகக் கடினம். இங்கிருந்து நேரே கொண்டுபோக முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் நாயை மாதக்கணக்கில் வைத்து ஆயத்தப்படுத்தி, பிறகு மெல்பேர்ணில் உள்ள மிக்கிள்ஹாம் நிலையத்திலும் குறைந்தது 10 நாள், சிலவேளை 30 நாள் விட வேண்டும். எமது குடும்பங்களில் அநேகருக்கு அது கைக்கெட்டாத காரியம். பிரித்தானியாவுக்கே நாயைச் சரக்கு விமானத் தொகுதியில்தான் அனுப்ப வேண்டும், செலவு இலட்சக்கணக்கில் போகும். கடன் வாங்கி இதைச் செய்யச் சொல்ல நான் தயாரில்லை.

போவது உறுதியென்றால் கூட்டுக்குப் பழக்குங்கள். சங்கிலியே கண்டிராத எமது ஊர் நாய்க்குப் பயணக்கூடு பெரிய அதிர்ச்சி. எழும்பி நின்று திரும்பக்கூடிய அளவுக் கூட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி, கதவைத் திறந்துவிட்டு, சோற்றை அதற்குள்ளேயே வையுங்கள். பிறகு சிறிது நேரம் கதவைச் சாத்தலாம். உங்கள் பழைய சீலைத்துண்டொன்றைத் தோய்க்காமல் உள்ளே போடுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டாம், விமானத்தில் அது ஆபத்து.

அந்த அக்கா நாய்க்கு சிப் வைத்து, ஊசியும் போட்டுவிட்டார். இரத்தம் எடுக்கும் திகதியை மகள் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பணத்துக்குக் கணவர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காமலும் போகலாம். அதையும் அக்காவோடு கதைத்திருக்கிறேன்.

விட்டுவிட்டுப் போக நேர்ந்தால், 1995 இலும் 2008 இலும் ஓடியதுபோல இப்போது ஓட வேண்டியதில்லை. அன்று கட்டவிழ்த்து விடக்கூட நேரமிருக்கவில்லை. இன்று இருக்கிறது. சந்தையடியிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வளர்க்கச் சம்மதிக்கும் ஒருவரை முன்கூட்டியே தேடி, போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாயை அவர் வீட்டில் சில இரவுகள் தங்க வையுங்கள். பெட்டை நாயென்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொடுங்கள். ஊசி அட்டையை அவர் கையில் கொடுத்து, அடுத்த ஊசி எப்போதென்று காட்டுங்கள். அங்கே போனபின் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசோடு நாயின் சாப்பாட்டுக்கும் சிறு தொகை சேர்த்து அனுப்புங்கள். அதை யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை.