ஜாக்கி விழுந்தால் ரீப்ளே காட்டலாமா?

குதிரைப் பந்தயத்தில் ஒரு ஜாக்கி கீழே விழுகிறார். டாக்டர் அவரிடம் ஓடுகிறார். அதே நேரம் பந்தயம் கட்டியவர்களின் கண் மைதானத்தின் பெரிய திரை மேல். அடுத்து ஓட வேண்டியது ரீப்ளே. அதில் அந்த விழுந்த காட்சியும் வரணுமா?

உடனே வரக் கூடாது என்பதே என் பதில். ஆனால், அந்தப் பதிவு காணாமலும் போகக் கூடாது.

திரையைப் பார்ப்பது யார்?

ரசிகர்கள் மட்டும் இல்லை. விழுந்தவரின் குடும்பம் பார்க்கலாம். அடுத்த ரேஸில் குதிரை ஏறப்போகும் சக ஜாக்கிகளும் பார்ப்பார்கள்.

கார் பந்தயத்தில் இது பெரிய சர்ச்சையானது. 2020 நவம்பர் 29, பஹ்ரைன் கிராண்ட் ப்ரீ. ரொமைன் குரோஜானின் கார் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அவர் உயிரோடு வெளியே வந்தது தெரிந்த பிறகுதான் ரீப்ளே காட்டினார்கள். அதுவரை சரி. ஆனால், அதன்பின் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சக வீரர் டேனியல் ரிக்கார்டோ கொதித்துப்போனார். சற்று நேரத்தில் மறுபடி காரில் ஏற வேண்டியவர்களையும் அவர்களின் குடும்பங்களையும் யாரும் நினைக்கவில்லையே என்பதுதான் அவருடைய கோபம்.

காட்டாவிட்டால் மறைப்பதாகாதா?

நியாயமான கேள்விதான். 2016 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் கெம்ப்டன் பார்க்கில் ஒரே ரேஸில் நான்கு குதிரைகள் விழுந்தன. ஜாக்கி ஃப்ரெடி டைலிக்கிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு, நடக்கவே முடியாமல் போனது. அன்றே விசாரித்த பந்தய அதிகாரிகள், தற்செயலான விபத்து என்று முடித்துவிட்டார்கள். சக ஜாக்கி கிரஹாம் கிப்பன்ஸ் மீது டைலிக்கி வழக்குப் போட்டார். 2021 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் கிப்பன்ஸின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் முக்கியச் சான்று, பந்தய வீடியோதான்.

அதாவது, அந்தக் காட்சியை ஆற அமரப் பார்க்க வேண்டியவர்கள் விசாரணை அதிகாரிகளும் நீதிபதியும். கேலரியில் இருப்பவர்களுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

என்ன செய்யலாம்?

ஜாக்கியின் நிலை பற்றி டாக்டர் சொல்லி, குடும்பத்துக்கும் தகவல் போகும் வரை விழுந்த காட்சி பெரிய திரையில் வேண்டாம். யார் ஜெயித்தது என்று காட்ட, கடைசி ஓட்டம் போதும். விழுந்ததே அங்கேதான் என்றால் ஃபோட்டோ ஃபினிஷ் படம் போதும். பிறகு விளக்கம் தேவைப்பட்டால் ஒருமுறை காட்டலாம். ஸ்லோ மோஷனும் பின்னணி இசையும் வேண்டாம். எல்லா கேமராப் பதிவுகளும் வெட்டாமல் விசாரணைக்குப் போக வேண்டும். பல வருஷம் பத்திரமாகவும் இருக்க வேண்டும். டைலிக்கிக்குத் தீர்ப்பு கிடைக்கவே ஐந்து வருஷம் ஆனது.

கட்டிய பணம் பத்து நிமிஷத்தில் எங்கேயும் ஓடிவிடாது. தரையில் கிடப்பவருக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்கலாம்.