கடலைச் சேரும் நீர் வீணன்று

பாலாற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம், இவ்வளவு நீரும் கடலில் கலந்து வீணாகிறதே என்று செங்கற்பட்டு மாவட்டத்தார் அங்கலாய்ப்பது வழக்கம். ஏரி நிரம்ப வேண்டும், கிணறு ஊற வேண்டும் என்னும் கவலை நியாயமானதே. ஆயினும் கடலைச் சேர்ந்த நீரால் பிரயோஜனமில்லை என்னும் கருத்து விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது.

வாயலூரில் ஆறு கடலோடு கூடும் முகத்துவாரத்திலிருந்து மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு வரையிலுள்ள நீரில், கண்ணுக்குப் புலனாகாத டயாட்டம் என்னும் ஒற்றை உயிரணுப் பாசிகள் வாழ்கின்றன. குங்குமச் சிமிழும் மூடியும்போல் பொருந்திய இரண்டு ஓடுகளுக்குள் அடங்கிய இச்சூட்சும ஜீவன், நீரில் கரைந்துள்ள சிலிக்காவைக் கிரகித்து, தன்னுள் அமைந்த நுண்பையொன்றில் அதைக் கண்ணாடியாக உறையச்செய்து, ஒழுங்கான துளைகள் நிறைந்த சுவராக அமைத்துக்கொள்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது சேய் ஒவ்வொன்றும் தாயின் ஓட்டில் ஒன்றைப் பெற்று, அதற்குள் பொருந்தும் சிறிய ஓட்டைப் புதிதாக ஆக்கிக்கொள்வதால், பல இனங்களில் உருவம் தலைமுறைதோறும் குறுகிவந்து, பின்னர்ப் பாலினச் சேர்க்கையால் பூர்வ அளவை அடைகிறது. சிலிக்கா இல்லையேல் ஓடு இல்லை. ஓடு இல்லையேல் வம்சவிருத்தியும் இல்லை.

சென்னைக் கடலோர டயாட்டம்களை ஆய்வாளர் ஆர். சுப்ரமண்யன் 1946-இல் வகைப்படுத்தி வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. வி. தேசிகாசாரி 1980-களில் இந்தியக் கடல் டயாட்டம்களுக்குப் படத்தொகுதிகளே அளித்தார். உலகக் கடல்களில் சூரிய ஒளியால் உண்டாகும் உணவில் சுமார் 40 சதவீதம் இவற்றின் உழைப்பென மதிப்பிடப்படுகிறது. நம் கடலோர இறால் பொரிப்பகங்களிலும் இளங்குஞ்சுகளுக்கு டயாட்டத்தையே வளர்த்து ஊட்டுகிறார்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் குடைந்தவை போன்ற பாறைகள் யுகயுகமாக மழையில் சிதைந்து கரைவதால் பிறக்கும் சிலிக்காவைக் கடலுக்குச் சுமந்துவரும் முதன்மையான வாகனம் நதியே. அணைக்குப் பின்னே தேங்கும் நீரிலோ, அங்கேயே வளரும் டயாட்டம்கள் சிலிக்காவின் ஒரு பகுதியை உட்கொண்டு அடியில் படிந்துவிடுகின்றன. ஆற்றுநீர் குறைந்து சாக்கடைநீர் மிகுமானால், தழைச்சத்தும் பாஸ்பரசும் பெருக, சிலிக்கா மட்டும் அருகி, ஓடு வேண்டாத வேறு பாசிகள், சில வேளை நச்சுப்பாசிகளும், அவ்விடத்தைக் கைப்பற்றக்கூடும். தான்யூப் நதியில் அணை எழுந்தபின் அது சேரும் கருங்கடலில் இத்தகைய மாறுதல் நேர்ந்ததென 1997-இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

ஆகவே, தடுப்பணைகளைத் திட்டமிடுவோர் முகத்துவாரத்துக்குரிய நீரின் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலோர நீரைச் சோதிப்போர் சிலிக்காவையும் அளந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சுத்திகரிக்காத கழிவுநீர் முட்டுக்காட்டு உப்பங்கழியில் கலப்பதை அரசு தடுக்க வேண்டும். டயாட்டம் ஆக்கும் உணவை நம்பியே கடல்மீன் வாழ்வதால், உழவருக்குள்ள அதே உரிமை, ஆற்றுநீரில் மீனவருக்கும் உண்டு.