கவர்னர் சாண்டர்ஸும் பிள்ளையின் நாட்குறிப்பும்

எறையூர்ப் பக்கத்தில் இந்த வாரம் நடந்த விழா ஒன்றில் பேசியவர், நம் ரஞ்சன்குடிக் கோட்டையில்தான் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களை ஓட ஓட விரட்டினார் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கோட்டைப் பக்கத்தில் 1751இல் நடந்த வாலிகண்டபுரத்துச் சண்டையில் ஓடியது ஆங்கிலேயப் படைதான். கோட்டைக்காரர் எந்தப் பக்கம் சாய்வது என்று இழுத்தடித்தார். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்களும் வந்து நின்றதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களே பீதியில் கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். அந்தப் படைக்குச் சாப்பாடு, தளவாடம் பார்க்கிற பொறுப்பில் இருந்தவர் கிளைவ்.

இதற்குப் பிறகுதான் தாமஸ் சாண்டர்ஸ் வருகிறார். 1750 முதல் 1755 தொடக்கம் வரை சென்னை மாகாண கவர்னர். அப்போது அவர் இருந்தது கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில். ஆற்காட்டைத் தாக்கலாம் என்று கிளைவ் கேட்டதும், 200 வெள்ளையரையும் 300 இந்தியச் சிப்பாய்களையும் கொடுத்தனுப்பினார். கடலூரில் காவலுக்கு மிஞ்சியவர்கள் சுமார் நூறு பேர், சென்னையில் ஐம்பதுகூட இல்லை. தோற்றிருந்தால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்திருக்கும். ஆற்காடு முற்றுகை 50 நாள் நீடித்தது, கிளைவ் தாக்குப்பிடித்தார், புகழும் அவருக்கே போயிற்று. சாண்டர்ஸ் பெயரைப் பள்ளிப் பாடத்தில் நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே. அவர் பேச்சை எடுத்தால் நான் எங்கே போவேன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளையிடம்தான். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய மனிதர், துய்ப்ளேயின் தலைமை துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். கவர்னர் காலையில் என்ன கேட்டார், யார்மேல் கோபப்பட்டார், எந்தக் கப்பல் வந்தது, ஊரில் என்ன வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது. கோயிலை இடிக்க முற்றுகை துய்ப்ளேக்கு நல்ல சாக்காகிவிட்டது. ஊராருக்குக் கோயில் போயிற்று. போர்க்கால ஆட்சி என்றால் என்ன என்பதை இவ்வளவு கிட்டத்திலிருந்து எழுதிய இன்னொரு தமிழரை நான் படித்ததில்லை.

துய்ப்ளேயை 1754இல் பிரான்ஸ் திருப்பி அழைத்தது. சொந்தப் பணத்தையும் போரில் கொட்டியவர், 1763இல் வறுமையில் செத்தார். அவருக்குப் பின் வந்த கோதேயுவோடு சமாதானம் பேசி முடித்துவிட்டு சாண்டர்ஸ் கப்பல் ஏறினார்.

வாலிகண்டபுரத்தில் அந்த வருஷம் யார் வீடு எரிந்தது, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று எழுதி வைக்க நம் பக்கத்தில் ஒரு பிள்ளை இல்லாமல் போனார். புதுச்சேரிக்காவது ஒருவர் இருந்தார். அவரையும் நாம் படிப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கிற ஒவ்வொரு கிளை நூலகத்திலும் அந்த நாட்குறிப்பின் தமிழ்த் தொகுதிகள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் நூலகரிடம் இந்த வாரமே கேளுங்கள்.