ஒரு வயிறு சாட்சி போதுமா?

'எங்க அண்ணிக்கு இதுலதான் குணமாச்சு. நீங்களும் சாப்பிட்டுப் பாருங்க!'

இப்படி வரும் வைத்தியத்துக்கு நம் வீடுகளில் தனி மரியாதை. சொல்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால், நிஜமாகவே அந்த மருந்தால்தான் குணமானதா? சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். ஆறாம் நாள் குடித்த கஷாயம் பெயரைத் தட்டிக்கொண்டு போகும்!

அல்சர் கதையைக் கேளுங்கள். கவலையும் அமிலமும்தான் காரணம் என்று டாக்டர்களே பல வருஷம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், 'ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் முக்கிய காரணம்' என்றார்கள். 'வயிற்று அமிலத்தில் கிருமியாவது, பிழைப்பதாவது!' என்றார்கள் மற்றவர்கள்.

1984-ல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்தேவிட்டார்! சில நாளில் வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தால், இரைப்பையின் உள்சுவரில் அழற்சி, கிருமியும் இருந்தது. ஆனால், அல்சர் வரவில்லை.

அப்போதும் பலர் நம்பவில்லை. அதில் தப்பும் இல்லை. ஒரே ஒரு வயிறு எப்படிச் சாட்சியாகும்? பிறகு பல நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஒழிந்தவர்களுக்கு அல்சர் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. 1994-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமி இருக்கும் அல்சர்காரர்களுக்கு அந்த மருந்தைச் சிபாரிசு செய்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு!

'ஆதாரம் எங்கே?' என்று கேட்டவர்கள், ஆதாரம் வந்ததும் தாங்கள் எழுதிவந்த மருந்துச் சீட்டையே மாற்றினார்கள் பாருங்கள், அங்கேதான் நேர்மை இருக்கிறது. சந்தேகப்பட யாராலும் முடியும். பதில் வந்தபின் மனசை மாற்றிக்கொள்வதுதான் கஷ்டம்.

நாம் எப்படி? பிடிக்காத மருந்தென்றால் ஆயிரம் கேள்வி. பிடித்ததென்றால் ஒன்றுகூட இல்லை! இங்கிலீஷ் மருந்தோ, நாட்டு மருந்தோ, கேள்வி ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? குணமாகாதவர்கள் எத்தனை பேர்? கொடுக்காமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குணமாகாதவர்கள் வீடு தேடி வந்து சொல்வதில்லையே!

ஜலதோஷத்தில் ஏமாந்தால் பெரிய நஷ்டமில்லை. 'இந்தப் பொடி போதும்' என்று டாக்டரைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால், கண்ணும் சிறுநீரகமும் அல்லவா விலை கொடுக்கும்? நிறுத்துவதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.