அணுவளவில் நின்று ஆருயிர் காப்பன

சிறு துரும்பும் பல்லுக்கு உதவும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. சிறியதென எதனையும் இகழலாகாது என்பது அதன் கருத்து. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் வெளியே அலைய வேண்டுவதில்லை. நம் உடம்பே போதிய சான்றாகும். உடம்பின் எடையை 100 பங்காக வகுத்தால், அதில் ஏறக்குறைய 96 பங்கு ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன் என்னும் நான்கு மூலகங்களால் ஆயது. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி கல்சியம், பொசுபரசு முதலியனவாம். இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சி நிற்கும் சில கிராம் பொருளைப் பற்றியே இக்கிழமை ஆராய்வோம்.

வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராம் தேறும். ஓர் ஆணி செய்ய அது போதும். துத்தநாகம் ஏறக்குறைய 2 கிராம். செம்பு ஒரு கிராமிற் பத்திலொரு பங்கு. அயடீனோ 15 முதல் 20 மில்லிகிராம் மட்டுமே. இவற்றுடன் செலீனியம், மங்கனீசு, கோபாற்று முதலியனவும் சேர்த்துச் சுவட்டு மூலகங்கள் எனப்படும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக உடம்பு வேண்டுவனவற்றுக்கே இப்பெயர் பொருந்தும்.

இத்துணைச் சிறிய பொருள் இத்துணைப் பெரிய உடம்பை எவ்வாறு ஆளும் என்று மாணவர் வினவலாம். சோறும் நெய்யும் போல இவை எரிந்து வெப்பம் தருவனவல்ல. மாளிகை பெரிதாயினும் அதனைத் திறக்கும் திறவுகோல் சிறிதன்றோ? ஒரு திறவுகோலைக் கொண்டு ஒரே கதவைப் பல்லாயிரம் முறை திறக்கலாம். அதுபோலவே இம்மூலகங்கள் நொதியங்களினுள்ளும் ஓமோன்களினுள்ளும் அமர்ந்து, ஒரே தொழிலை ஓயாது இயற்றுகின்றன. திறவுகோல் தொலைந்தால் மாளிகை இருந்தும் பயனில்லை.

கழலையும் அயடீனும்

சுவட்டு மூலகங்களுள் முதலில் மனிதனுக்குப் பாடம் கற்பித்தது அயடீனே. 1811ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவராகிய கூர்த்துவா என்பார் கடற்பாசியின் சாம்பலிலிருந்து இதனைக் கண்டறிந்தார். 1895ஆம் ஆண்டிற் போமன் என்னும் செருமானிய அறிஞர், கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியில் அயடீன் உண்டென நிறுவினார். அச்சுரப்பி ஆக்கும் தைரொட்சின் என்னும் ஓமோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. அயடீன் கிட்டாதபோது சுரப்பி தன் கடமையைக் கைவிடுவதில்லை. கிடைத்த சிறிதளவையும் பற்றிக்கொள்ளத் தான் பருத்து வளர்கிறது. அதுவே கழலை.

அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் 1917ஆம் ஆண்டு மரைன், கிம்பல் என்னும் ஆய்வாளர் இருவர் பாடசாலை மாணவியரிடையே ஒரு சோதனையைத் தொடங்கினர். ஆண்டுக்கு இருமுறை அயடீன் சேர்ந்த உப்பை உட்கொண்ட மாணவியர் 2,190 பேருள் ஐவருக்கே சுரப்பி பருத்தது. அதனை உட்கொள்ளாத 2,305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுமோ? 1922ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்திலும், 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் உப்பில் அயடீன் சேர்க்கும் வழக்கம் தொடங்கியது.

கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடோ அதனினும் கொடியது. கருவிலுள்ள குழந்தையின் மூளை, தொடக்க மாதங்களில் தாயின் தைரொட்சினையே நம்பி வளர்கிறது. தாய்க்கு அயடீன் பெரிதும் குறையுமாயின், பிறக்கும் குழந்தையின் அறிவும் செவிப்புலனும் வளர்ச்சியும் குன்றும். பின்னர் எத்துணை அயடீன் அளித்தாலும் அக்குறையை முற்றாக நீக்குதல் இயலாது. தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளுக்கு உலகில் முதன்மையான காரணம் அயடீன் குறைவே என உலகச் சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்கிரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவர் ஒருவர் தம் வாழ்நாளில் உண்ணவேண்டிய அயடீன் முழுவதும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆயினும் அதனை ஒரே நாளில் உண்டு சேமித்துவைத்தல் ஆகாது. நாள்தோறும் சிறிது சிறிதாகவே பெறவேண்டும்.

நம் நாட்டில் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதிகளிலேயே கழலை நெடுங்காலம் மலிந்திருந்தது. ஓயாத மழை நிலத்தின் அயடீனைக் கழுவிச் சென்றமை அதற்கு ஒரு காரணம் என்பர். 1995ஆம் ஆண்டு முதல் மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் இலங்கையிற் சட்டமாயிற்று.

இங்கு நம் இல்லத்தரசியர் பலர் கொண்டுள்ள ஓர் எண்ணத்தைத் திருத்துதல் வேண்டும். "உப்புக் கடலிலிருந்துதானே வருகிறது, அதில் அயடீன் இல்லாமற் போகுமா?" என்பர். கடல்நீரில் அயடீன் உண்மையே. ஆயின் அது மிகச் சிறிதளவினது; உப்பளத்தில் வெயிலில் விளையும் உப்பிலே அது தங்குவது அரிது. ஆதலால் உப்பளத்திலிருந்து நேரே கொணர்ந்த கல்லுப்பு, அயடீன் சேர்த்த உப்புக்கு ஈடாகாது. சேர்த்த அயடீனும் ஈரத்தாலும் வெயிலாலும் நெடுநேரக் கொதிப்பாலும் குறைந்துபோகும். உப்பை மூடியுள்ள கலத்தில், அடுப்புக்கு அப்பால் வைத்தலும், கறி இறக்கும் வேளையில் இடுதலும் நன்று. அயடீனுக்காக உப்பை மிகுதியாக இடுதல் கூடாது. குருதியழுத்தம் என்னும் வேறொரு பகையை அது வீட்டுக்கு அழைக்கும்.

சோம்பலா, சோகையா?

வகுப்பிலே ஒரு மாணவி மேசைமேற் சாய்ந்திருக்கிறாள். கேட்ட வினாவுக்கு விடை வர நேரமாகிறது. படிகளில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆசிரியராகிய நாம் "சோம்பேறி" என்கிறோம். வீட்டிலே தாயார் "விளையாட்டுப் புத்தி" என்கிறார். அவளுடைய கீழிமையை விலக்கி, உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார் எத்தனை பேர்?

உடம்பிலுள்ள இரும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குருதியின் ஈமோகுளோபினில் உள்ளது. சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து மூளைக்கும் தசைக்கும் கொண்டுசெல்லும் ஊர்தி அதுவே. இரும்பு குறைந்தால் ஊர்தி குறையும். கவனமும் நினைவும் தளரும். பூப்பெய்திய பெண்பிள்ளைகள் மாதந்தோறும் குருதியை இழக்கின்றனர். அதே வேளையில் வளரவும் செய்கின்றனர். இதனால் வளர்ந்த ஆடவருக்கு வேண்டுவதினும் மிகுந்த இரும்பு அவர்களுக்கு வேண்டும். ஆயினும் பல வீடுகளில் மீனும் முட்டையும் முதலில் ஆண்பிள்ளையின் கோப்பைக்கே செல்கின்றன. தாயும் மகளும் எஞ்சியதை உண்கின்றனர். இவ்வழக்கம் அன்பால் வந்ததாயினும் அறத்தோடு பொருந்துவதன்று. யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவருக்கே குறைவாக இடுவது நீதியாகுமோ?

இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்கும். பயறு, கௌபீ, குரக்கன், கீரை முதலியவற்றின் இரும்பை அத்துணை எளிதில் ஏற்பதில்லை. ஆயின் இதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே உண்டு. கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப்புளி விட்டால் அதிலுள்ள விற்றமின் சீ இரும்பை ஏற்க உதவும். நெல்லிக்காயும் கொய்யாவும் அவ்வாறே. மாறாக, உணவோடு அருந்தும் தேநீர் இரும்பைத் தடுத்துவிடும். தேயிலை விளையும் நாட்டிலே தேநீரை விடுமாறு யார் கூறுவார்? உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் கழிந்தாற் போதும்.

ஒன்று மட்டும் நினைவிலிருக்க வேண்டும். வெளிறிய முகமெல்லாம் இரும்புக் குறைவால் நேர்வதன்று. கொளுக்கிப் புழுவும், பரம்பரையாய் வரும் தலசீமியா நோயும் சோகையை விளைக்கும். தலசீமியா உடையவருக்கு இரும்பு மிகுதல் தீமையே. ஆதலின் குருதியைச் சோதித்து, மருத்துவர் கூறிய பின்னரே மாத்திரை கொள்ளவேண்டும்.

சீராசு நகரிற் கிடைத்த பாடம்

1958ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் சீராசு நகருக்குச் சென்ற ஆனந்த பிரசாத் என்னும் இந்திய மருத்துவரிடம் ஓர் இளைஞன் வந்தான். அவனுக்கு வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனது. அவன் உணவு பெரும்பாலும் புளிக்காத கோதுமை உரொட்டி. அதனுடன் மண் தின்னும் பழக்கமும் இருந்தது. சோகைக்கு இரும்புக் குறைவு காரணமாகலாம்; வளர்ச்சி நின்றமைக்கு அது காரணமாகாது என்பதைப் பிரசாத் உணர்ந்தார். துத்தநாகக் குறைவே காரணம் என அவர் ஐயுற்றார். பின்னர் எகிப்து நாட்டில் நடந்த ஆய்வுகள் அவர் ஐயத்தை உறுதிசெய்தன. துத்தநாகம் பெற்ற இளைஞர் உயர்ந்து வளர்ந்தனர், பருவமும் அடைந்தனர்.

அவர்கள் உண்ட கோதுமையில் துத்தநாகம் இல்லாமலில்லை. தானியத்தின் மேற்றோலிலுள்ள பைற்றிக்கு அமிலம் அதனைப் பிணித்து, உடம்பிற் சேரவொட்டாது தடுத்தது. மாவைப் புளிக்கவைத்தால் அப்பிணிப்புத் தளரும். இதனை நினைக்கும்போது நம் பாட்டிமார் உழுந்தை ஊறவைத்து, அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிட்டுத் தோசை சுட்டதன் சிறப்பு விளங்குகிறது. அப்பத்துக்கு மாப் புளிக்கவைத்தலும், பயற்றை முளைகட்டி உண்ணலும் அத்தகையனவே. அவர்கள் இரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் செய்கை பிழைக்கவில்லை.

துத்தநாகம் புண் ஆறுதற்கும், நோயை எதிர்க்கும் ஆற்றலுக்கும், சுவையுணர்வுக்கும் வேண்டியது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு, உப்பும் சீனியும் கலந்த நீராகாரத்துடன் 10 முதல் 14 நாள்வரை துத்தநாகமும் அளிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் 2004ஆம் ஆண்டிற் கூட்டாக அறிவுறுத்தின.

சைவ உணவினருக்கு ஒரு சொல்

கோபாற்று என்னும் உலோகம் விற்றமின் பீ12இன் நடுவே அமர்ந்திருப்பது. 1948ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பெற்ற இவ்விற்றமினின் அமைப்பை விளக்கிய தொரதி ஒட்சுக்கின் அம்மையார் 1964ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இதனை ஆக்கவல்லவை நுண்ணுயிர்களே, மரக்கறி தருவதன்று. சைவ உணவு உண்போர் பாலும் தயிரும் தவறாது கொண்டால் ஓரளவு பெறலாம். அவற்றையும் விலக்கியவரும், முதுமையால் உணவு குறைந்தவரும் மருத்துவரைக் கேட்டு இவ்விற்றமினைத் தனியே பெறவேண்டும். குறைவு நீடித்தால் சோகையோடு நரம்புத் தளர்ச்சியும் வரும். கொள்கையைக் காப்பதற்கு உடம்பையும் காக்கவேண்டும் அன்றோ?

குறைவும் மிகையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்குச் செலீனியமே தக்க எடுத்துக்காட்டு. சீன நாட்டின் கேசான் என்னும் இடத்தில் 1935ஆம் ஆண்டில் இதயத்தைத் தாக்கும் ஒரு நோய் கண்டறியப்பட்டது. அங்குள்ள மண்ணிற் செலீனியம் மிகக் குறைவு. பிற்காலத்தில் இந்நோய் கண்ட பகுதிகளிற் குழந்தைகளுக்குச் செலீனியம் அளித்தபோது நோய் வெகுவாய்த் தணிந்தது. அதே சீன நாட்டின் என்சி என்னும் பகுதியிலோ மண்ணிற் செலீனியம் மிகுந்திருந்தது; 1960களின் தொடக்கத்தில் அங்கு மக்களின் தலைமயிர் உதிர்ந்தது, நகங்கள் கழன்றன. ஒரு நாடு, ஒரு மூலகம். ஓரிடத்திற் குறைவு கொன்றது, மற்றோரிடத்தில் மிகை வருத்தியது.

ஆதலால், கடைகளில் அழகிய போத்தல்களில் விற்கும் மாத்திரைகளைப் பலகாரம் போல வாங்கி உண்ணலாகாது. துத்தநாகத்தை நெடுநாள் மிகையாக உண்டால் செம்புக் குறைவு நேரும். தாயாரின் இரும்பு மாத்திரையை இனிப்பென்று எண்ணிப் பல விழுங்கும் சிறு குழந்தைக்கு உயிராபத்தும் உண்டாகும். அத்தகைய மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாது வைத்தல் பெற்றோர் கடன்.

நம் பெரும்பாலோருக்கு வேண்டியது மாத்திரை அன்று, பலவகைப்பட்ட உணவே. முற்றாகத் தீட்டாத சிவப்பரிசி, ஒரு பருப்பு அல்லது பயறு, ஒரு கீரை, கையளவு கச்சானோ எள்ளுருண்டையோ, புலால் உண்போருக்கு நெத்தலி போன்ற சிறுமீன், மூடிவைத்த அயடீன் உப்பு ஆகிய இவை எளிய குடும்பத்துக்கும் இயலாதன அல்ல. இவற்றை வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒப்பப் பகிர்தலே பெரிய செயல்.

அடுத்த முறை ஒரு பிள்ளையை மந்தம் என்று கூறுமுன், ஆசிரியரும் பெற்றோரும் அப்பிள்ளையின் உணவுக் கோப்பையை ஒருமுறை நோக்குவோமாக. சில மில்லிகிராம் இரும்பும், கண்ணுக்குப் புலனாகாத அயடீனுமே அப்பிள்ளைக்கும் அதன் கல்விக்கும் இடையே நிற்பனவாகலாம்.