பிள்ளை பிறந்த பிறகு எழுதும் கணக்கு

காமர்ஸ் படிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரொக்க ஏட்டை அன்றன்றைக்கு எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே பேனாவில் எழுதினால் கூட்டல் அழகாகத்தான் வரும். ஆனால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை. பிரசவ வார்டிலும் இப்படி ஓர் ஏடு உண்டு. பெயர் பார்ட்டோகிராஃப்.

ஒரே ஒரு தாள்தான். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று 4 மணி நேரத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு, 10 நிமிடத்தில் எத்தனை வலி, தாயின் நாடி, இதெல்லாம் அரை மணிக்கு ஒரு முறை. தாளில் இரண்டு சாய்கோடுகள் இருக்கும். முதலாவது எச்சரிக்கைக் கோடு. 4 மணி நேரம் தள்ளி வருவது நடவடிக்கைக் கோடு.

அதென்ன 4 மணி நேரம்? இங்கேதான் விஷயமே. 1972-ல் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பில்பாட், காஸில் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கோடுகளைக் கொண்டுவந்தபோது, டாக்டர் இல்லாத சிறு மையங்களில் பிரசவம் பார்ப்பவர்களை மனதில் வைத்திருந்தார்கள். முதல் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, போய்ச் சேர அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். மதுரைக்கு மாற்றிச் சொன்னால், உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் பெண்ணை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு எப்போது வண்டி ஏற்றுவது என்று சொல்கிற தாள். தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பிள்ளை பிறந்த பிறகு நிரப்பிய தாள் யாரையும் வண்டி ஏற்றாது.

பலன் உண்டா? இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 1994-ல் வெளியானது. இழுத்துக்கொண்டே போன பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. பின்னால் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்றது. இரண்டும் முரண் மாதிரித் தெரியும். ஆனால் காகிதமா பிரசவம் பார்க்கிறது? அதை அந்தந்த நேரத்தில் எழுதவும், கோடு தாண்டினால் உடனே எதையாவது செய்யவும் ஆள் வேண்டாமா?

செவிலியர் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மணி நேர ஷிப்டில் ஒரு பெண்ணுக்கு 16 முறை இதயத் துடிப்பு பார்க்க வேண்டும். வலியில் மூன்று பேர் என்றால் 48. இரவில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால், ஊசி, மருந்து, ரெஜிஸ்டர், பிறந்த குழந்தை (வாசலில் நின்று கத்தும் மாமியார் தனி!) எல்லாம் அவர் தலையில்தான். தாள் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் மேலிடம் பார்த்தால், நிரம்பிய தாள் நிச்சயம் கிடைக்கும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். 44.9 சதவீதம் சிசேரியன். ஆஸ்பத்திரிக்கு வரவழைக்கும் வேலை முடிந்துவிட்டது. உள்ளே வந்த பிறகு கத்தி எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால் காட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான்.

2020-ல் உலக சுகாதார நிறுவனம் புதுத் தாளே கொண்டுவந்துவிட்டது. அந்தச் சாய்கோடுகள் அதில் இல்லை. கணக்கு 5 சென்டிமீட்டரில் ஆரம்பிக்கிறது. கூடத் துணைக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்கவும் ஒரு கட்டம் உண்டு. அரை மணிக்கு ஒரு முறை இதயத் துடிப்பு பார்ப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு நர்ஸ் கூடுதலாகப் போட்டார்களா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.