மண்ணைச் சோதி! கணக்கைக் காட்டு!

ஊத்தங்கரை வட்டாரத் தோழர்களே! விவசாயிகளே! விவசாயத் தொழிலாளர்களே!

வீட்டில் மடித்து வைத்திருக்கும் மண்வள அட்டையை எடுத்து விரியுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து இருக்கும். துத்தநாகம், இரும்பு, போரான் இருக்கும். கார அமில நிலையும் உப்பின் அளவும் இருக்கும். மொத்தம் 12 வரிகள். பாதரசம் எங்கே? ஆர்சனிக் எங்கே? ஈயம், காட்மியம் எங்கே? 2015-இல் தொடங்கிய திட்டம் இது. உரம் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும். மண்ணில் நஞ்சு உண்டா என்று சொல்லாது. சோதிக்காத நஞ்சை ‘இல்லை’ என்று சாதிப்பது அதிகாரிகளுக்குச் சுலபம்.

நெய்வேலியைப் பாருங்கள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2023-இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரு அமைப்புகளும் அந்தச் சுற்றுவட்டாரத்து மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். 31 இடங்களில் 17 இடங்கள் கடுமையாக மாசுபட்டிருந்தன. வடக்கு வெள்ளூர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் 250 மடங்கு! செய்தி வெளிவந்த பிறகே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அறுபத்தேழு ஆண்டுகள் அந்த மக்கள் எதைக் குடித்தார்கள், எதைத் தின்றார்கள் என்பதற்கு யார் கணக்குச் சொல்வது?

நஞ்சு வரும் வழி மர்மமல்ல. பூமிக்கடியில் நிலக்கரியோடு உறைந்து கிடந்த கந்தகத் தாதுக்களைத் தோண்டி மேலே கொட்டுகிறார்கள். காற்றும் மழையும் பட்டு அவை அமிலமாகின்றன. அமிலம் உலோகங்களைக் கரைத்து வயலுக்கு இறக்குகிறது. கரியை எரித்தால் பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய் மழையோடு திரும்புகிறது. ஆர்சனிக் சாம்பலில் தங்குகிறது. நீர் தேங்கிய நெல்வயலில் பயிர் அதை எளிதாக உறிஞ்சும். உலோகம் மக்குவதில்லை. ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் பேரன் காலத்திலும் அங்கேதான் இருக்கும்.

பாதரசம் தமிழகத்துக்குப் புதிதா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் உடன்பாடு காண 2016 வரை போராட வேண்டியிருந்தது.

‘நெய்வேலி எங்கோ கிடக்கிறது, நமக்கென்ன?’ என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல். நெய்வேலி மின்சாரம் தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்ந்தே போகிறது. வெளிச்சம் நமக்கு, சாம்பல் அவர்களுக்கு என்பது நியாயமா? நம் தலைமாட்டிலும் நஞ்சு நிற்கிறது. பெங்களூருக் கழிவு தென்பெண்ணை வழியே வந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாய்ப் பொங்குவதை ஊரே பார்க்கிறது. அதே தென்பெண்ணையில்தான் நம் பாம்பாறும் கலந்து கடலூருக்குப் போகிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நீர் பாய்ந்த வயலில் என்ன படிந்தது என்பது யாருக்குத் தெரியும்?

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசுபட்ட நிலங்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. சுரங்கத்தால் கெட்ட நிலத்துக்கு அதில் விலக்கு! வேறு சட்டங்கள் பார்த்துக்கொள்ளுமாம். இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்ட லட்சணம் வடக்கு வெள்ளூரில் தெரிகிறது.

‘கேள்வி கேட்டால் வேலை போய்விடும்’ என்று தொழிலாளியையும் விவசாயியையும் மோத விடுவார்கள். ஏமாறாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

நம் கோரிக்கைகள்:

1. மண்வள அட்டையில் பாதரசம், ஆர்சனிக், ஈயம், காட்மியம் சேர்க்கப்பட வேண்டும்.

2. நெய்வேலிச் சுற்றுவட்டாரத்திலும் தென்பெண்ணைப் பாசன வயல்களிலும் மண், நீர், நெல் மூன்றையும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

3. சுரங்க விலக்கு நீக்கப்பட வேண்டும். கெடுத்தவனே சுத்தம் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பான குடிநீரும் இலவச மருத்துவமும் தர வேண்டும்.

போராடினால் கிடைக்கும் தோழர்களே! 2023-இல் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரி வட்டாரங்கள் ஏலப்பட்டியலில் வந்தன. டெல்டா கொதித்தெழுந்தது, ஏப்ரலிலேயே மூன்றும் நீக்கப்பட்டன.

வரும் கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பேசியதோடு விடாதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலோடும் மண்வள அட்டையோடும் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். பெண்கள் முன்வரிசையில் வாருங்கள். நாற்று நடுவது உங்கள் கை, சோறு பொங்குவதும் உங்கள் கை.

திரளுங்கள் தோழர்களே! மண்ணைச் சோதிக்கும்வரை ஓயமாட்டோம்!